அம்மா எழுந்து போகாத கதைகள்

கேள்வி: இலையுதிர்காலம் வந்துவிட்டது. இந்த நாட்களில் வாசிக்கவும் பார்க்கவும் அண்மையில் வந்த நாவல்கள், தொடர்கள் எவை?

இலையுதிர்காலம் எல்லாம் எங்கள் பக்கம் கிடையாது. இலங்கையின் தேயிலை மலைகளில், அப்புத்தளையில், இலையில்லாமல் செடி மொட்டையாக நிற்கிறது என்றால் அது கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலையைக் கிளையோடு கத்தரித்த, மலை. மற்றபடி வருஷம் முழுக்கப் பச்சைதான். எங்களுக்கு ஐப்பசி என்றால் மழை. காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும், மதியம் பள்ளத்தில் இருந்து மூடுபனி ஏறும், இரண்டு மணி வாக்கில் இடியோடு கொட்ட ஆரம்பித்தால் இருட்டும்வரை விடாது. மின்னல் வெட்டினால் முதல் வேலை டிவி வயரைப் பிடுங்குவது. அதனால் தொடர் பார்க்கிறவர்கள் காலையில் சிக்னல் நன்றாக இருக்கும்போதே ஃபோனில் இறக்கி வைத்துக்கொள்வோம். கரண்ட் போய், ஃபோனிலும் சார்ஜ் இறங்கிவிட்டால் அப்புறம் புத்தகம்தான்.

எங்கள் வீட்டில் விமர்சகர் என்றால் அம்மாதான். இருபத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்தவர். கதை பிடிக்கவில்லை என்றால் வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார். எழுந்து போய் அடுப்பில் எதையாவது கிண்டுவார். இந்த இரண்டு மூன்று வருஷத்தில் அவர் எழுந்து போகாமல் இருந்தவற்றைச் சொல்கிறேன். எல்லாமே நேற்று வந்தவை அல்ல.

முதலில் ஒரு கொரியத் தொடர். 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேன்ஜரீன்ஸ்', 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. பதினாறு பாகம். வாரம் நான்காக, வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று பருவக்கணக்கில் விட்டார்கள். கேள்வி கேட்டவருக்கு இதுதான் சரியாகப் பொருந்தும். ஜேஜு தீவில் பிறந்த ஏசுன் என்ற பெண்ணுக்குக் கவிஞராக வேண்டும் என்று ஆசை. அவளுடைய அம்மா, மூச்சை அடக்கிக்கொண்டு கடலடிக்குப் போய்ச் சிப்பியும் நத்தையும் எடுத்து வருகிற ஹேன்யோக்களில் ஒருத்தி. காற்றுக் குழாய் எதுவும் கிடையாது. தண்ணீருக்கு மேலே வந்து அவர்கள் விடுகிற மூச்சு விசில் மாதிரிக் கேட்கும். முதல் பாகத்திலேயே சின்னப் பெண் ஏசுன் ஒரு கவிதை எழுதுகிறாள்: நேரத்தோடு வீட்டுக்கு வராத அம்மாவையும், அவளைக் கடலுக்குள் பிடித்து வைத்திருக்கிற அந்தக் கடல் நத்தையையும் பற்றி.

வசனம் கொரிய மொழி, கீழே ஓடுகிற எழுத்து ஆங்கிலம். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தக் கவிதை வந்த இடத்தில் அம்மா கையில் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். விரலிடுக்கு வெடிப்பில் ஏறிய கொழுந்துக் கறை ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும் முழுதாகப் போகவில்லை, ராத்திரியானால் தேய்ப்பார். தேய்த்த கை அப்படியே நின்றது. "நீயும் பிள்ளைக்காம்பராவுல வாசலப் பாத்துக்கிட்டே அழுவியாம் புள்ள. ஆயாம்மா சொல்லும்" என்றார், தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தை நினைத்து. அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி மூன்று பாகம் பார்த்தோம்.

அதே தொடரில் குவான்சிக் என்று ஒரு பையன் வருகிறான். சந்தையில் ஏசுன் முட்டைக்கோவாவை முன்னால் வைத்துக்கொண்டு, கூவி விற்க வெட்கப்பட்டுப் புத்தகம் வாசிப்பாள். அவளுடைய கோவாவையும் சேர்த்து விற்றுக் கொடுப்பது இவன் வேலை. கோவா மூட்டைகள் நுவரெலியாவில் இருந்து லொறியில் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காதல் உடனே பிடித்துவிடும். கடைசி நான்கு பாகங்களில் அழ வைப்பதற்கென்றே கொஞ்சம் இழுத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது 'அயலி'. ஸீ5இல் 2023 ஜனவரியில் வந்தது, எட்டுப் பாகம், முத்துக்குமார் இயக்கியது. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம், தொண்ணூறுகள். பெண் வயதுக்கு வந்தால் பள்ளிக்கூடம் நின்றுவிடும், கல்யாணம் நடந்துவிடும்; மீறினால் ஊர்த் தெய்வம் அயலி கோபிக்கும் என்று நம்பிக்கை. தமிழ்ச்செல்வி தான் பெரிய மனுஷியானதை ஊருக்கு மறைத்துவிட்டுப் படிக்கப் போகிறாள். சொல்லும்போது பிரசாரம் மாதிரி இருக்கும். பார்க்கும்போது முக்கால்வாசி சிரிப்பாகவே போகும். மறைப்பதற்குத் தாயும் மகளும் படும் பாட்டில்தான் சுவாரஸ்யமே. அம்மாவாக நடித்த அனுமோள், என்னைக் கேட்டால், கதாநாயகியைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். சடங்கு வீட்டுக்குப் பிறகு வகுப்புக்குத் திரும்பி வராத பிள்ளைகள் இன்றைக்கும் எங்கள் தோட்டங்களில் இருக்கிறார்கள். பத்தாம், பதினோராம் ஆண்டுப் பெண்பிள்ளைகள் உள்ள வீட்டில் அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள்.

துப்பறியும் கதை வேண்டும் என்றால் 'சுழல்', அமேசான் பிரைமில். 2022இல் வந்த முதல் பருவத்தைச் சொல்கிறேன். மலையடிவாரத் தொழிற்சாலை ஊர், தொழிற்சங்கம், வேலைநிறுத்தம், நடுவே மயானக்கொள்ளைத் திருவிழா. பார்த்திபன் சங்கத் தலைவராக வருவார். "தலைவருன்னா இப்படித்தான் நிப்பாங்க" என்று அம்மா அவர் நடையைப் பார்த்துச் சொன்னதில் கொஞ்சம் கேலியும் இருந்தது. 2025இல் வந்த இரண்டாவது பருவம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

சன் டிவி தொடர் 'எதிர்நீச்சல்' பற்றிக் கேட்பீர்கள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அது ஓடின நேரத்தில் பீலிக்குத் தண்ணி பிடிக்கப் போக ஆள் இருக்காது. ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமான பிறகு அந்தச் சூடு குறைந்துவிட்டது. அதற்குப் பிறகு அது ஓடினபோதெல்லாம் அம்மா அடுப்படியில்.

சரி, புத்தகம்.

சயந்தனின் 'ஆதிரை' 2015இல் வந்தது. அண்மையில் என்பதற்குக் கொஞ்சம் பழசுதான், ஆனால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வடக்கே உள்ள வன்னியைப் பற்றிய நாவல் என்று நினைத்துத்தான் வாங்கினேன். அதற்குள்ளே மலையகத்தில் இருந்து போய்க் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் இருக்கிறது. 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு அப்படி வடக்கே போனவர்கள் எங்கள் சொந்தத்திலும் உண்டு. அம்மாவின் பெரியப்பா குடும்பம் வவுனியாவுக்கு அந்தப் பக்கம் போய், பிறகு கடிதமும் நின்றுபோனது. தலையணை மாதிரிப் புத்தகம் இது, அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆகவே கரண்ட் போன ராத்திரிகளில் நான் சத்தமாக வாசித்தேன். ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது. நடுவில் நான் வேறு புத்தகத்தை எடுத்தால், "அந்த சிங்கமலைக் குடும்பத்த வாசி" என்பார். நாவலில் வரும் ஆளைத் தன் பெரியப்பாவாகவே வைத்துக்கொண்டார்.

பிரமிளா பிரதீபனின் 'கட்டுபொல்' சின்ன நாவல், இரண்டு மூன்று மழைக்குப் போதும். சிங்களத்தில் கட்டுபொல் என்றால் நம் ஆட்கள் சொல்லும் முள்ளுத்தேங்காய், அதாவது எண்ணெய்ப்பனை. மலையக எழுத்து என்றாலே தேயிலை, கங்காணி, லயம் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது புதுசு. 2021இல் அரசாங்கம் புதிதாக எண்ணெய்ப்பனை நடக்கூடாது என்று தடை போட்டபோது செய்தி முழுக்க மண், தண்ணீர், இறக்குமதி என்றே இருந்தது. அந்த முள்ளுக் குலையோடு மல்லுக்கட்டுகிறவர்களை நான் பார்த்தது இந்தப் புத்தகத்தில்தான்.

தமிழ்நாட்டில் இருந்து ஒன்று: தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்', 2023க்கான சாகித்திய அகாதமி விருது பெற்றது. கொங்குப் பகுதியின் குடிநாவிதர் வாழ்க்கை. காருமாமா என்பவரின் சாவோடு கதை விரியும். சாவு வீட்டில் சொந்தம் எல்லாம் கூடும்போது பழைய சண்டையும் பழைய பாசமும் ஒரே பந்தியில் உட்காருமே, அதை அப்படியே பிடித்திருக்கிறார். கொங்குப் பேச்சு முதல் இருபது பக்கத்துக்குக் கொஞ்சம் இடறும், அப்புறம் பழகிவிடும்.

வாங்குவது பற்றி. பண்டாரவளை, பதுளைக் கடைகளில் பாடப் புத்தகமும் கடந்தகால வினாத்தாளும்தான் அதிகம். நாவலுக்கு நான் கொழும்புச் செட்டியார் தெருவுக்குப் போகிற யாரிடமாவது சொல்லிவிடுவேன். இந்தியப் புத்தகத்தின் விலையை இலங்கை ரூபாயாக்க மூன்றுக்கு மேல் பெருக்கிக்கொள்ளுங்கள், பிறகு அதிரக்கூடாது. காசு இல்லாத மாதத்துக்கு 'நூலகம்' என்ற இணையத்தளம் இருக்கிறது. ஈழத்து, மலையகப் பழைய நூல்கள் ஏராளமாக இலவசமாகக் கிடைக்கும்.

இன்னொன்று, வாங்கிய புத்தகத்தை ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள். என் 'ஆதிரை' போன மழையில் பின்னட்டை உப்பிப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அம்மா அதை அடுப்புக்கு மேலே, கவ்வாத்து மிலாறுக் குச்சிகளைக் காயப்போடும் பரணில் கொண்டுபோய் வைத்தார். இப்போது பூஞ்சணம் இல்லை, திறந்தால் புகை வாசம் அடிக்கிறது.