மனமுவந்து கொடுத்தார்களா?

கேள்வி: நூறு வருடத்துக்கு முன்பே அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்ட் யாரும் கேட்காமல் சம்பளத்தை இரட்டிப்பாக்கினார், எட்டு மணி நேர வேலையும் கொடுத்தார். அங்கே தொழிலாளர் நலன் முதலாளிகள் மனமுவந்து கொடுத்தது. நீங்கள் ஏன் சங்கம், போராட்டம், சட்டம் என்றே எழுதுகிறீர்கள்?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: சரி, ஃபோர்டிலிருந்தே தொடங்குவோம். 1914 ஜனவரியில் அவர் ஒரு நாளைக்கு ஐந்து டாலர் அறிவித்தது உண்மை. ஆனால் அதற்கு முந்தைய வருடம் சுமார் 14,000 பேர் வேலை செய்யும் ஆலையை ஓட்ட, 52,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. அசெம்பிளி லைன் வேகம் தாங்காமல் ஆட்கள் வந்த சுருக்கில் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களை நிறுத்திவைக்கத்தான் அந்தக் கூலி. முழு ஐந்து டாலரும் வேண்டுமென்றால் குடிக்கிறாரா, சேமிக்கிறாரா, வீடு சுத்தமாக இருக்கிறதா என்று கம்பெனி ஆட்கள் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். சங்கத்தை ஏற்று ஃபோர்ட் கையெழுத்திட்டது 1941இல், ஆலையை முடக்கிய வேலைநிறுத்தத்துக்கு அப்புறம்.

நீங்கள் திருப்பூர்க்காரர். அதனால் உங்கள் தொழிலிலிருந்தே ஒன்று சொல்கிறேன்.

1909 நவம்பரில் நியூயார்க்கில் பெண்களின் சட்டை தைக்கும் கம்பெனிகளில் வேலை செய்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பெரும்பாலோர் கப்பலில் வந்திறங்கிய யூத, இத்தாலியக் குடும்பங்களின் இளம்பெண்கள். கூப்பர் யூனியன் மண்டபத்தில் தலைவர்கள் மாறி மாறிப் பேசிக்கொண்டிருக்க, கிளாரா லெம்லிச் என்ற 23 வயதுப் பெண் மேடையேறி, பேசியது போதும், வேலையை நிறுத்துவோம் என்று யூதர்கள் பேசும் இத்திஷ் மொழியில் சொன்னாள். மறியல் செய்தவர்களைப் போலீஸ் அடித்து இழுத்துப் போனது. பல கம்பெனிகள் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டன. டிரையாங்கிள் என்ற பெரிய கம்பெனியோ கடைசி வரை சங்கத்தை ஏற்கவில்லை.

1911 மார்ச் 25, சனிக்கிழமை. வேலை முடிகிற நேரம். டிரையாங்கிளின் எட்டாவது மாடியில் கட்டிங் வேஸ்ட் கிடந்த தொட்டியில் தீப்பிடித்தது. பத்தாவது மாடியில் இருந்த அலுவலகத்துக்கு போனில் தகவல் போனது. முதலாளிகள் கூரை வழியாகத் தப்பினார்கள். நடுவில், ஒன்பதாவது மாடியில் இருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே ஒரு பக்கப் படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. துணி திருடிப் போகிறார்களா என்று எல்லோர் பையையும் ஒரே வாசலில் சோதிப்பது அங்கே வழக்கம். வெளிப்பக்க இரும்பு ஏணி பாரம் தாங்காமல் பிய்ந்து விழுந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டியது. ஜன்னலில் நின்றவர்கள் கீழே குதித்தார்கள். 146 பேர் இறந்தார்கள். அவர்களில் 123 பேர் பெண்கள். உயிர் பிழைத்த ஒரு பெண் பிறகு சொன்னது இது: கதவைத் திறந்து வையுங்கள், சரியான தப்பும் வழி கொடுங்கள் என்பதும் எங்கள் வேலைநிறுத்தக் கோரிக்கைதான்.

கேட்டார்கள் ஐயா. உயிரோடு இருக்கும்போதே கேட்டார்கள்.

அந்த டிசம்பரில் முதலாளிகள் மேக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ் இருவரும் விடுதலையானார்கள். கதவு பூட்டியிருந்தது அந்த நேரத்தில் அவர்களுக்குத் தெரியும் என்று நிரூபிக்க முடியவில்லை. 1914இல் வழக்குத் தொடுத்த குடும்பங்களுக்கு உயிருக்கு 75 டாலர் கிடைத்தது. இதற்கிடையே 1913இல், வேறு கட்டடத்தில், வேலை நேரத்தில் கதவைப் பூட்டியதற்காக பிளாங்க் மறுபடி பிடிபட்டார். அபராதம் 20 டாலர். 146 பிணங்களைப் பார்த்த மனிதரே மனமுவந்து ஒரு கதவைத் திறந்து வைக்கவில்லை.

மாற்றியது யார் என்று கேளுங்கள். இறந்தவர்களுக்காகப் பல்லாயிரம் பேர் மழையில் ஊர்வலம் போனார்கள். தொழிலாளிகளின் ஓட்டு கைநழுவிப் போகும் என்று நகரை ஆண்ட டாமனி ஹால் என்ற கட்சி அமைப்பின் அரசியல்வாதிகளுக்கு உறைத்தது. மாநில விசாரணைக் குழு அமைந்தது. டாமனி ஹாலைச் சேர்ந்த ராபர்ட் வாக்னரும் ஆல் ஸ்மித்தும் தலைமை ஏற்று, ஆலை ஆலையாக நேரில் போய்ப் பார்த்தார்கள். தப்பும் வழி, தீயணைப்புப் பயிற்சி, தண்ணீர் தெளிப்பான், பெண்களின் வேலை நேரம் என்று முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் நியூயார்க்கில் வந்தன.

தீப்பிடித்த அன்று தெருவில் கூட்டத்தில் நின்று அந்தப் பெண்கள் விழுவதைப் பார்த்தவர் பிரான்சிஸ் பெர்கின்ஸ். குழுவின் விசாரணையிலும் வேலை செய்தார். 1933இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் தொழிலாளர் அமைச்சரானார். அமெரிக்க அமைச்சரவையில் முதல் பெண் அவர்தான். நாடு முழுவதற்குமான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அவர் காலத்தில், 1938இல் வந்தது. அதிலும் வயல் வேலை செய்தவர்களையும் வீட்டு வேலை செய்தவர்களையும் விட்டுவிட்டார்கள். தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்கள் பெருவாரியாக இருந்த வேலைகள் அவை. வயல் தொழிலாளிகளில் ஒரு பகுதியினரைச் சேர்த்துக்கொள்ள 1966 ஆனது. வீட்டுப் பணியாளர்கள் 1974 வரை காத்திருந்தார்கள்.