கோழி மூலையில் உட்கார்ந்தால்: வாசகர் கேள்விகள்

வெயில் ஏறத் தொடங்கியதும் கேள்விகளும் ஏறிவிட்டன. எழுதியவர்களில் பலர் ஐந்து, பத்து கோழிகளோடு முதல்முறையாக இறங்கியவர்கள்.

ஒரு கோழி மட்டும் தீனி எடுக்காமல், இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. என்ன கொடுக்கலாம்?

கொடுப்பது இருக்கட்டும், முதலில் பிரித்து வையுங்கள். ஒரு பஞ்சாரமோ ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியோ போதும். அடியில் காய்ந்த சாக்கு, குளிர்காற்று அடிக்காத இடம். மற்ற கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டுக் கடைசியாக இதனிடம் போங்கள்; போய்வந்ததும் கையைக் கழுவுங்கள்.

அப்புறம் தண்ணீர். தீனி இல்லாமல் கோழி ஓரிரு நாள் தாங்கும், தண்ணீர் இல்லாமல் தாங்காது. ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வெல்லம், ஒரு சிட்டிகை உப்பு. அதற்கு மேல் உப்பு வேண்டாம், கோழிக்கு ஆகாது. அலகைப் பிளந்து ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பாசத்தோடு ஊற்றிய தண்ணீரால் செத்த கோழிகளை நான் பார்த்திருக்கிறேன். விரலை நனைத்து அலகின் ஓரத்தில் சொட்டு சொட்டாக விட்டால் தானே விழுங்கும்.

குடிக்கத் தொடங்கிய பிறகு குழைந்த நொய்ச்சோறு, வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு, வெந்நீரில் பிசைந்து ஆறவைத்த குஞ்சுத் தீவனம் என்று கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். மீந்ததை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், புளித்துப்போகும். பூசணம் பிடித்த கம்பு, கடலைப் புண்ணாக்கு எந்தக் கோழிக்குமே கூடாது, ஈரலைக் கெடுத்துவிடும்.

அடையும் நேரத்தில் கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் வலப்பக்கம் தடவிப் பாருங்கள். அங்கேதான் தீனிப்பை. மாலையில் நிறைந்து, விடிகாலையில் சப்பென்று இருக்க வேண்டும். காலையிலும் பிசைந்த மாவு போலக் கனத்து, வாயில் புளிச்ச வாடை அடித்தால் தீனியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.

எச்சத்தில் வெள்ளை தெரிகிறது. வெள்ளைக்கழிச்சலா?

பெரும்பாலும் இல்லை. கெட்டியான எச்சத்தின் தலையில் சுண்ணாம்பு வைத்தது போல இருக்கும் வெள்ளை கோழியின் சிறுநீர். நடுநடுவே ஒன்று பழுப்பாக, பிசுபிசுப்பாக, நாற்றத்தோடு விழுந்தாலும் பயப்பட வேண்டாம், குருட்டுக்குடலிலிருந்து வருவது அது.

பச்சையும் வெள்ளையுமாக நீராகப் பீய்ச்சி, கழுத்து திருகி, ஓரிரு நாளில் வரிசையாகச் சாய்ந்தால் அதுதான் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட். அதற்கு மருந்து இல்லை, தடுப்பூசிதான். குஞ்சுக்கு 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா சொட்டு. 8 வாரத்தில் இறக்கைத் தோலுக்கு அடியில் ஊசி. அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். சொட்டு மருந்தை ஐஸ் வைத்த ஃபிளாஸ்கில் கொண்டு வாருங்கள். சட்டைப்பையில் போட்டு வெயிலில் வந்தால் வெறும் தண்ணீர்தான்.

நான்கு வாரக் குஞ்சுகள் ரத்தமாகக் கழிகின்றன.

ரத்தக்கழிச்சல். ஈரமான கூளத்தில் வளரும் ஒட்டுண்ணிதான் காரணம். இதற்கு மருந்து உண்டு: ஆம்ப்ரோலியம், தண்ணீரில் கலப்பது. அளவை மருத்துவரிடம் கேட்டு இன்றே தொடங்குங்கள், நாளை என்றால் பாதி இருக்காது. பழைய கூளத்தை வாரிவிட்டுக் காய்ந்த உமியோ கடலைத்தோலோ பரப்புங்கள். தண்ணீர்த் தட்டை ஒரு செங்கல் மேல் வைத்தால் சிந்துவது குறையும்.

வீட்டில் இருந்த ஆன்டிபயாட்டிக் கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் போட்டேன். சரியா?

இல்லை. மருந்து முட்டையிலும் இறங்கும். அந்த முட்டையைச் சாப்பிடலாமா என்று அடுத்த வாரம் நீங்களே எழுதுவீர்கள். சாப்பிட வேண்டாம்; எத்தனை நாள் என்பதை கேப்சூல் அட்டையைக் காட்டி மருத்துவரிடம் கேளுங்கள்.

கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கொப்புளம்.

அம்மை. பெரும்பாலும் கொசு பரப்பும். பொருக்கைப் பிய்க்காமல் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவுங்கள், கண்ணுக்குள் படாமல். மூன்று நான்கு வாரத்தில் உதிரும். கண் மூடிய கோழிக்குத் தீனி தெரியாது. தட்டை அலகருகே வைத்து விரலால் தட்டிக் காட்டுங்கள், சத்தம் கேட்டுக் கொத்தும்.