எஞ்சின் புதுசு, ஆர்பிஎம் மீட்டர் பழசு: கேள்வி பதில்

கேள்வி (ராணிப்பேட்டை): அண்ணா, அப்பாவோட கான்டெசா. ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் தனியா ஒரு காயில் (பொறிக்கு வோல்டேஜ ஏத்தித் தர்றது) வர்ற புது பெட்ரோல் எஞ்சின் ஏத்தியாச்சு, ஜோரா ஓடுது. எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தன சுத்து சுத்துதுன்னு காட்டற ஆர்பிஎம் முள்ளு மட்டும் சீரோவ விட்டு எழுந்திரிக்க மாட்டேங்குது. வயர எங்கேர்ந்து எடுக்கறது?

பதில்: தம்பி, அந்த மீட்டருக்கு எஞ்சின்லாம் தெரியாது, காயில் மட்டுந்தான் தெரியும். பழைய வண்டில ஒரே காயில், பாயிண்ட் (காயில் கரண்ட கட் பண்ற சுவிட்ச்) தொறக்கறப்பல்லாம் காயில் நெகட்டிவ்ல 200லேர்ந்து 400 வோல்ட் வரைக்கும் ஒரு உதை வரும், அத எண்ணித்தான் முள்ளு ஏறும். நாலு சிலிண்டர்னா ஒரு சுத்துக்கு ரெண்டு உதை. புது காயில்ல பெரும்பாலும் உள்ளயே இக்னைட்டர் (அந்த கட் பண்ற வேலைய செய்யற சர்க்யூட்) இருக்கும், ஈசியு, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர், அனுப்பறது சும்மா 5 வோல்ட் சிக்னல், அதுவும் அந்த ஒரு சிலிண்டருக்கு ரெண்டு சுத்துக்கு ஒரு வாட்டி. அதுல போய் பழைய மீட்டர் வயர சொருகாத, முள்ளும் ஏறாது, அந்த சிலிண்டர் மிஸ் அடிக்கவும் ஆரம்பிக்கும். வயரிங் டயக்ராம்ல டாக்கோ அவுட்புட்னு (ஆர்பிஎம் மீட்டருக்கான சிக்னல்) ஈசியுவுல தனி பின் கீதான்னு பாரு. சில வண்டில அந்த பின்னே வராது, ஆர்பிஎம் கேன் லைன்லயே (வண்டி கம்ப்யூட்டருங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற வயர்) மீட்டர் போர்டுக்கு போயிடும், அப்ப கேன்லேர்ந்து பல்ஸ் எடுத்துக் குடுக்கற கன்வெர்ட்டர்தான் வாங்கணும்.

கேள்வி (காட்பாடி): பின் இருக்கு, வயரும் குடுத்துட்டேன், அப்பவும் அதே கதை. ஈசியு போயிடுச்சா?

பதில்: நல்லா இருக்கற ஈசியுவ ஏன் சார் சாகடிக்கறீங்க. அந்த பின் பெரும்பாலும் தானா வோல்டேஜ் தராது, எர்த்தோட சேந்து சேந்து விடும், அவ்ளோதான். 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒண்ணு வாங்கி ஒரு கால இக்னிஷன் ஆன்ல வர்ற 12 வோல்ட்லயும் இன்னொரு கால சிக்னல் வயர்லயும் போடுங்க. அப்புறம் ஹெர்ட்ஸ் காட்டற மல்டிமீட்டர வச்சு பாருங்க, சுத்துக்கு ரெண்டு பல்ஸ்னா ஐடில் 900ல 30 ஹெர்ட்ஸ், 3000த்துல 100 வரணும். கரெக்டா வந்தும் முள்ளு அசையலன்னா மீட்டருக்கு 12 வோல்ட் பத்தல, பழைய உதைதான் அதுக்கு வேணும்.

அந்த உதைய ஒரு சாதா ஹெட்லைட் ரிலே குடுக்கும். உள்ள டயோடோ ரெசிஸ்டரோ இல்லாத ரிலேவா பாத்து வாங்குங்க, இருந்தா உதைய அதுவே முழுங்கிடும். ரிலேல 86னு போட்ட பின்ல 12 வோல்ட், 85னு போட்ட பின்ல மீட்டர் வயர், அந்த 85ஐ எர்த் பண்ணி பண்ணி விட ஒரு டிரான்சிஸ்டர், 400 வோல்ட் தாங்கறதா. ஈசியு சிக்னல் டிரான்சிஸ்டருக்குத்தான் போகணும். ரிலே காயில் 80, 90 ஓம்தான், நேரா குடுத்தா ஈசியு பின் மேல அவ்ளோ கரண்டும் ஏறும், உதையும் விழும், அப்ப நிஜமாவே ஈசியு போயிடும். மூடிய கழட்டி உள்ள இருக்கற தகட்ட அசையாம ஒட்டிடுங்க, இல்லன்னா டேஷுக்குள்ள டகடகன்னு அடிச்சிகினே இருக்கும்.

கேள்வி (ஆம்பூர்): மீட்டர் வேலை செய்யுது பாய், ஆனா 3000 போறப்ப 2000ன்னு காட்டுது. மீட்டர் ஒரு பழைய ஆறு சிலிண்டர் வண்டிது.

பதில்: அது சுத்துக்கு மூணு எதிர்பாக்குது, உங்க எஞ்சின் ரெண்டு குடுக்குது, கணக்கு சரியாத்தான் கீது பாய். வெளில வாங்கின மீட்டரா இருந்தா பின்னாடி 4, 6, 8னு சுவிட்ச் இருக்கும். கம்பெனி மீட்டர்னா உள்ள போர்டுல குட்டி திருகு இருக்கான்னு பாருங்க, கொஞ்சம் கொஞ்சமா திருப்பி செட் பண்ணிக்கலாம்.

கேள்வி (குடியாத்தம்): பெட்ரோல் ஜீப்புல டீசல் எஞ்சின் போட்டோம். காயிலே இல்லயே, ஏலகிரி ஏத்தத்துல காதாலயே கியர் மாத்திகினு கீறேன்.

பதில்: மீட்டர் சிக்னல பேட்டரி சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர்லேர்ந்து எடுங்க, அதுல டபிள்யூன்னு ஒரு டெர்மினல் இருக்கும், இல்லன்னா டைனமோ கடைல சொன்னா ஸ்டேட்டர்லேர்ந்து (உள்ள சுத்தாம நிக்கற காயில்) ஒரு வயர் இழுத்துத் தருவாங்க. 12 போல் ஆல்டர்னேட்டர் ஒரு சுத்துக்கு 6 பல்ஸ் தரும், புல்லி இரண்டரை மடங்கு வேகமா சுத்துதுன்னா கிராங்க் ஒரு சுத்துக்கு 15. பெட்ரோல் மீட்டருக்கு 2 போதும், அதனால செட் பண்ற மாதிரி டீசல் மீட்டரே வாங்கிடறது பெஸ்ட். கிராங்க் புல்லில ஒளி அடிக்கற ஸ்டிக்கர் ஒட்டி, லைட் காட்டி ஆர்பிஎம் பாக்கற மெஷின் வச்சு ஒத்துப் பாருங்க. பெல்ட் வழுக்கினா முள்ளு பொய் சொல்லும். காமன் ரெயில் எஞ்சினா (ஈசியு டீசல் அடிக்கற புது மாதிரி) இருந்தா, எஞ்சின் சுத்தறத ஈசியுவுக்கு சொல்ற கிராங்க் சென்சார் வயர மட்டும் கிள்ளாதீங்க, அந்த சிக்னல் கெட்டா மலை நடுவுல வண்டி ஆஃப் ஆயி நிக்கும்.

கேள்வி (ஆரணி): எஞ்சின் மாத்தினத ஆர்டிஓல சொல்லணுமா?

பதில்: ஆமா. அனுமதி வாங்கி ஆர்சில புது எஞ்சின் நம்பர் ஏறணும், இன்ஷூரன்ஸ்லயும் சொல்லணும். இத விட்டுட்டு மீட்டருக்கு மெனக்கெடறதுல அர்த்தமே இல்ல.

கேள்வி (சத்துவாச்சாரி): முள்ளு ஏறுது, ஆனா பேய் புடிச்ச மாதிரி ஆடுது. மீட்டர் போச்சா?

பதில்: மொதல்ல மீட்டர் எர்த்த டேஷ் தகட்டுலேர்ந்து எடுத்து பாடில சுரண்டி நேரா போடு. சிக்னல் வயர் காயில் வயரோட ஒட்டி ஓடுச்சுன்னா பிரிச்சு, ஷீல்டு வயரா (மேல உலோக வலை சுத்தினது) மாத்து, ஷீல்ட ஒரு பக்கம் மட்டும் எர்த் பண்ணு. முக்காவாசி ஆட்டம் இதுலயே அடங்கிடும், மீட்டர கழட்டற வேலையே வராது.