இதயத்தில் பம்ப் பொருத்தினால் என்னென்ன சிக்கல்கள் வரும்? திடீரென்று நின்றுவிடுமா?

அப்பாவுக்கு இடது கீழறையில் ஹார்ட்மேட் 3 பம்ப் பொருத்தலாம் என்று மருத்துவர்கள் சொன்னதாகவும், மோட்டார் நின்றுவிடுமோ என்று தூக்கம் வரவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதய அறுவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். மோட்டார் தானாக நின்று நான் பார்த்ததில்லை. அதன் சுழலி காந்தத்தில் மிதக்கிறது. உரசித் தேய அங்கே எதுவும் இல்லை. வெளியே மாட்டியிருக்கும் பேட்டரிக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் மாற்று எப்போதும் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தொல்லை வருவது வேறு பக்கங்களிலிருந்து.

முதலாவது, பொருத்தும் கோணம். இதயத்தின் நுனியில் துளையிட்டு உறிஞ்சுகுழாயைச் செருகுவார்கள். அதன் வாய், இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வைப் பார்த்திருக்க வேண்டும். கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தால், உள்ளே ரத்தம் குறையும்போது சுவரையே இழுத்து ஒட்டிக்கொள்ளும். ஸ்ட்ரா வைத்து இளநீர் குடிக்கும்போது வழுக்கை வந்து அடைக்குமே, அதே கதை. ஓர் இரவு எங்கள் நோயாளி ஒருவருக்கு ஓட்டம் குறைவு என்று அலாரம் அடித்தது, துடிப்பும் தாறுமாறாயிற்று. எல்லோரும் இயந்திரத்தையே பார்த்தோம். எக்கோ ஸ்கேனில்தான் தெரிந்தது, கீழறை சுருங்கி நடுச்சுவர் குழாயின் வாயில் கிடந்தது. வேகத்தைக் குறைத்துத் திரவம் ஏற்றியதும் அடங்கியது.

பம்பிலிருந்து பெருந்தமனிக்குப் போகும் குழாயும் முறுக்கிக்கொள்ளக்கூடும். ஹார்ட்மேட் 3இல் அப்படி நேர்ந்ததால் 2018இல் எச்சரிக்கை வந்தது. பிறகு முறுக்காமல் பிடிக்க ஒரு கிளிப் சேர்த்தார்கள்.

இந்தப் பம்ப் இடது பக்கத்துக்கு மட்டும்தான் கைகொடுக்கும். அது வேகமாக இறைக்க இறைக்க, திரும்பி வரும் ரத்தம் முழுவதையும் வலது கீழறை தாங்க வேண்டும். அது ஏற்கெனவே தளர்ந்திருந்தால் அறுவைக்குப் பிறகு முதல் வாரமே சோதனைதான். 'வலது பக்கம் எப்படி இருக்கிறது?' என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் கொடுப்பார்கள். 2019இல் வெளியான ஈராண்டு ஒப்பீட்டு ஆய்வில், பழைய ஹார்ட்மேட் 2 வைத்தவர்களில் 13.9 சதவீதத்தினருக்குப் பம்பில் உறைகட்டி ஏற்பட்டதாகச் சந்தேகம் எழுந்தது. ஹார்ட்மேட் 3இல் 1.4 சதவீதம். பக்கவாதமும் பாதியாகக் குறைந்தது. ஆனால் குடலில் ரத்தம் கசிவது இன்னும் தொடர்கிறது. காரணம் வார்ஃபரின் மட்டுமல்ல. சுழலும் பம்ப், ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் புரதத்தையும் சிதைத்துவிடுகிறது. மலம் கறுத்தால் நாளை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. 2023இல் வெளியான ஆய்வுக்குப் பின், ஹார்ட்மேட் 3 வைத்தவர்களில் பலருக்கு, வார்ஃபரினோடு கொடுத்துவந்த ஆஸ்பிரினை நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் அப்பாவுக்கு வேண்டுமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

என் பெரிய பயம் வயிற்றிலுள்ள ஓட்டையைப் பற்றியது. பம்பின் கேபிள் அங்கேதான் வெளியே வருகிறது. ஒருவர் நன்றாகத் தேறி வீட்டுக்குப் போனார். கதவுத் தாழ்ப்பாளில் கேபிள் மாட்டி ஓர் இழுப்பு, அவ்வளவுதான். தோலோடு ஒட்டியிருந்த இடம் பிய்ந்தது, சில நாளில் சீழ். ஊசி மருந்துகளோடு ஐந்து வாரம் மீண்டும் எங்கள் வார்டில். கட்டு மாற்றுவதற்கு வீட்டில் ஒருவரை இப்போதே முடிவு செய்யுங்கள். முகக்கவசம், கையுறை, கேபிளை வயிற்றோடு பிடித்துவைக்கும் பட்டை. குளத்துக் குளியலை அவர் மறக்க வேண்டியதுதான்.

இன்னொன்று: பம்ப் ரத்தத்தை விடாமல் இறைத்துக்கொண்டே இருப்பதால், அவர் மணிக்கட்டில் நாடி தட்டுப்படாமல் போகலாம். எங்காவது மயங்கி விழுந்தால், தெரியாதவர்கள் பதறிவிடுவார்கள். பம்ப் இருப்பதைச் சொல்லும் அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.