பரிசோதனை முதலில் உங்கள் கணவருக்கு

திருமங்கலத்திலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு,

இன்னும் கருத்தரிக்காததற்குக் காரணம் பப்பாளி, ஜிகர்தண்டா, தினமும் மதுரைக்கு ஸ்கூட்டியில் வேலைக்குச் சென்று வருவது, உறவுக்குப் பின் உடனே எழுந்துவிடுவது என்று உங்கள் மேல் நீங்களே வரிசையாகக் குற்றம் சாட்டியிருக்கிறீர்கள். உங்களுக்கு வயது 27. மாதவிடாய் 28 முதல் 30 நாட்களுக்கு ஒருமுறை தவறாமல் வருகிறது. அப்படி வரும் பெண்ணுக்குக் கருமுட்டை பெரும்பாலும் மாதந்தோறும் வெளியாகிறது என்றே கொள்ளலாம். கனிந்த பப்பாளியோ ஸ்கூட்டியோ கருத்தரிப்பைத் தடுக்காது. ஜிகர்தண்டா எடையைக் கூட்டும், கருப்பையைக் குளிர வைக்காது. விந்தணுக்கள் சில நிமிடங்களிலேயே கருப்பை வாய்க்குள் நுழைந்துவிடுவதால், எழுந்தால் எல்லாம் வழிந்துவிடும் என்ற அச்சமும் வேண்டாம்.

கடிதத்தின் இறுதியில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்தியது: கணவர் ஓராண்டாக ஜிம்முக்குச் செல்கிறார், சதை ஏறுவதற்காகப் பயிற்சியாளர் அவருக்கு ஊசி போடுகிறார். இப்படிப் போடப்படுவது பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோன் அல்லது அதை ஒத்த ஸ்டீராய்டு. வெளியிலிருந்து அது ஏறும்போது, உடலில் ஆண் ஹார்மோன் போதுமான அளவு இருக்கிறது என்று மூளையின் பிட்யூட்டரி சுரப்பி கணக்கிட்டு, விந்தகத்துக்கு அனுப்பும் கட்டளைகளைக் குறைத்துவிடுகிறது; தோளும் மார்பும் பெருத்துக்கொண்டிருக்கும் அதே வேளையில் விந்தணு உற்பத்தி சரிந்து, சிலருக்கு முற்றிலும் நின்றே போகிறது. தாம்பத்தியத்தில் குறை எதுவும் தெரியாது என்பதால் இது யாருக்கும் தோன்றுவதில்லை.

ஆகவே இந்த வாரமே அவர் விந்தணுப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். அதற்கு முன் 2 முதல் 7 நாட்கள் உறவைத் தவிர்த்தால் போதும். ஊசியை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் நிறுத்தியபின் சில காலம் தளர்ச்சியும் மனச்சோர்வும் வரக்கூடும் என்பதால், ஹார்மோன் மருத்துவர் ஒருவரின் கண்காணிப்பில் நிறுத்துவது நல்லது. அதைச் சரிக்கட்ட அதே ஜிம்மில் வேறு மருந்து தந்தால் வாங்கக் கூடாது. விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். பலருக்கு எண்ணிக்கை மீண்டுவிடுகிறது, சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகிறது. சிகரெட்டையும் அவர் கையோடு விட்டுவிடட்டும்.

யூடியூப் பார்த்து, மருந்துக்கடையில் நீங்களாகவே வாங்கி இரண்டு மாதங்களாக விழுங்கிவரும் ‘முட்டை வளர்ச்சி’ மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். கண்காணிப்பின்றி அதை உண்டால் சினைப்பையில் நீர்க்கட்டியோ இரட்டைக் கருவோ வரலாம். மறுபக்கம் விந்தணுவே இல்லையென்றால் எத்தனை முட்டை வளர்ந்தும் பயனில்லை. மருந்துச் சீட்டில்லாமல் அதைக் கொடுத்த கடைக்காரரை என்ன சொல்வது! உங்களுக்கு இப்போது தேவை, நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம்; கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பாவது அதைத் தொடங்கிவிட வேண்டும். நாள் குறித்துத் தவிக்காமல், இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தாலே உரிய நாட்கள் அதில் அடங்கிவிடும்.

மணமாகி 16 மாதங்கள் ஆகிவிட்டதால் மருத்துவரைப் பார்ப்பது சரியே. ஆனால் உங்கள் மாமியார் திட்டமிட்டிருப்பது போல நீங்கள் மட்டும் போக வேண்டாம். இருவரும் சேர்ந்து போங்கள். உங்களுக்குத் தைராய்டு பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் இப்போதைக்குப் போதும். வலி தரக்கூடிய கருக்குழாய்ப் பரிசோதனையைக் கணவரின் அறிக்கை கைக்கு வரும்வரை தள்ளிவைக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.