சிவபுராணம் ஓதினால் கர்வம் குறையுமா?

தினமும் சிவபுராணம் ஓதுகிறேன், திருமுறை ஓதும் போட்டியில் பரிசும் வாங்கியிருக்கிறேன், ஆனாலும் உள்ளுக்குள் இருக்கும் கர்வம் போகவில்லையே, நூல் படித்து இதை வெல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும் என்று முழுதாக நம்புகிறேன். கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் பக்கம், பிள்ளைகளுக்குத் தேவார வகுப்பு எடுக்கிறேன். அதில் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

மாணிக்கவாசகர் பாடிய திருவாசகத்தின் முதல் பகுதியான சிவபுராணம் 95 அடிதான். மனப்பாடம் ஆகிவிட்டால் நாக்கு தானாக ஓடும், மனம் எங்கோ இருக்கும். ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை என்பதே பெருமையாகிவிடும். போட்டிகளைக் குறை சொல்லவில்லை. மலேசியாவில் திருமுறை இத்தனை தலைமுறையாக நிற்பதற்கு அவையும் ஒரு காரணம். ஆனால் வீட்டில் ஓதும்போது வேகம் வேண்டாம்.

'புல்லாகிப் பூடாய்' என்று தொடங்கும் இடத்தில் சில நாள் நின்று பாருங்கள். புல், பூடு (சிறு செடி), புழு, மரம், விலங்கு, பறவை, பாம்பு, கல், அப்புறம்தான் மனிதர். அதற்கு அடுத்து பேய்! மனிதப் பிறவியைக் கல்லுக்கும் பேய்க்கும் நடுவே வைத்திருக்கிறார் மாணிக்கவாசகர். சரி, முனிவராக, தேவராகப் பிறந்தால் தப்பித்தோமா? அவர்களும் அதே வரிசையில்தான் வருகிறார்கள். 'எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன்' என்று அத்தனையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். நம் பட்டம், பதவி, மலேசியாவில் தரும் டத்தோ விருது எல்லாம் அந்த வரிசையில் எங்கே நிற்கும் என்று யோசியுங்கள். இதைப் பாடியவர் பாண்டிய மன்னனின் அமைச்சராக இருந்தவர் என்பது மரபு. அதிகாரத்தை அனுபவித்த ஒருவர் 'நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்கு' என்று பாடுகிறார் என்றால், அந்த அடியை ஓடிக் கடந்துவிட எனக்கு மனம் வருவதில்லை.

இன்னொன்று. இந்த வரி அண்ணிக்குப் பொருந்தும், கோவில் தலைவருக்குப் பொருந்தும் என்று மனம் கணக்குப் போடும். அப்போது 'அவன்அருளாலே அவன்தாள் வணங்கி' என்ற அடிக்குத் திரும்பி வாருங்கள். வணங்குவதே அவன் கொடுத்தது என்றால், 'நான் இவ்வளவு பக்தியோடு ஓதுகிறேன்' என்று சொல்லிக்கொள்ள நம்மிடம் என்ன இருக்கிறது? கர்வத்தின் வேரையே தொடும் அடி இது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அப்படித்தான் படுகிறது.

உங்கள் கோவிலில் கூட்டு வழிபாடு நடந்தால், கொஞ்ச நாளைக்கு மைக்கை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, பின்வரிசையில் எல்லோரோடும் உட்கார்ந்து ஓதுங்கள்.