நான்கு கோல்கள், எந்தப் பிடி? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில் வசிக்கிறேன். சிறுவயதில் ஆறு ஆண்டுகள் மிருதங்கம் கற்றேன். இப்போது 41 வயதில், நண்பர்கள் நடத்தும் ஒரு தாளக்கருவிக் குழுவில் சேர்ந்து மரிம்பா (வரிசையாக அடுக்கிய மரக்கட்டைகளைக் கோல்களால் அடித்து வாசிக்கும் கருவி) வாசிக்கிறேன். கைக்கு ஒரு கோல் என்று வாசித்தவரை சிரமமில்லை. அண்மையில் மிட்செல் பீட்டர்ஸின் ‘யெல்லோ ஆஃப்டர் தி ரெயின்’ என்ற மரிம்பாப் பாடலைக் கொடுத்து, இனி கைக்கு இரண்டு கோல் என்றார்கள். குழுவை நடத்துபவர் பர்ட்டன் பிடியில் வாசிப்பவர், அதையே எனக்கும் காட்டித் தந்தார். காணொளிகளைப் பார்த்தால் மரிம்பாவுக்கு ஸ்டீவன்ஸ் பிடிதான் என்று அடித்துச் சொல்கிறார்கள். அதற்கு மாறினேன். சுண்டுவிரலில் கொப்புளம் வந்தது. மறுபடி பர்ட்டன், மறுபடி ஸ்டீவன்ஸ். இரண்டு மாதத்தில் மூன்று முறை மாற்றிவிட்டேன். எனக்குக் கையும் சிறியது. மிருதங்கத்தில் குருவின் பாணிதான் நம் பாணி. இப்படி ஒரு கேள்வியே எழுந்ததில்லை. எதை எடுத்துக்கொள்வது?

ம.,
சிங்கப்பூர்

அன்புள்ள ம.,

பர்ட்டன் பிடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் வேறெதையும் தொடாதீர்கள். உங்கள் கையைப் பக்கத்தில் நின்று பார்க்கக்கூடிய ஒருவர் அந்தப் பிடியில் வாசிக்கிறார். எனக்கு அந்த ஒரு காரணம் போதும். உங்கள் மணிக்கட்டு எந்த இடத்தில் இறுகுகிறது என்று காணொளி சொல்லாது. அவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

மரிம்பா என்றால் ஸ்டீவன்ஸ்தான் என்ற பேச்சை நம்பி மனம் தடுமாற வேண்டியதில்லை. 1984-இல் யமஹா நிறுவனம் ஐந்து எண்மங்கள் (ஸ்தாயிகள்) கொண்ட மரிம்பாவை உருவாக்கியபோது அதற்குத் துணைநின்றவர் ஜப்பானின் கெய்கோ ஆபே. தனிக்கச்சேரிக் கருவியாக மரிம்பா இன்று பெற்றிருக்கும் இடத்தில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் வாசிப்பது குறுக்குப் பிடியில், அதாவது உள்ளங்கைக்குள் இரண்டு கோல்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே கிடக்கும் பிடியில். பர்ட்டன் பிடியும் அந்தக் குடும்பம்தான். எந்தக் கோல் மேலே, எந்தக் கோல் கீழே என்பதில்தான் பழைய குறுக்குப் பிடியிலிருந்து அது வேறுபடுகிறது.

ஒவ்வொரு பிடியும் யாரோ ஒருவரின் தேவையிலிருந்து பிறந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் பாதி தீரும். கேரி பர்ட்டன், மரிம்பாவைப் போலவே உலோகக் கட்டைகள் கொண்ட வைப்ரஃபோனை வாசித்த கலைஞர். பியானோத் துணை இல்லாமல் வாசிக்க வேண்டிய சூழல்கள் அவருக்கு இருந்தன. பியானோக்காரர் அடுக்கித் தரும் சுரக்கட்டுகளையும் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்களையும்) தாமே வாசித்து, மேலே மெட்டையும் நடத்த வேண்டியிருந்தது. அதற்கு உறுதியான, அடி ஓங்கி விழக்கூடிய பிடி வேண்டும். குறுக்கே கிடக்கும் இரண்டு கோல்களும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்வதால் அந்த உறுதி கிடைக்கிறது.

ஸ்டீவன்ஸ் பிடியின் வம்சம் வேறு. சிகாகோவில் நூறு பேரைச் சேர்த்து மரிம்பா இசைக்குழு நடத்திய கிளேர் ஒமர் மஸ்ஸர், அவருடைய மாணவி விடா செனோவெத், அவரிடம் கற்க நியூசிலாந்து வரை போன லீ ஹோவர்ட் ஸ்டீவன்ஸ் என்று அது வருகிறது. மஸ்ஸர் பிடியில் கோல்கள் ஒன்றையொன்று தொடாது. உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கும். ஸ்டீவன்ஸ் அந்தக் கையை, கைகுலுக்க நீட்டுவதுபோல், பெருவிரல் மேலே வரும்படி திருப்பி வைத்தார். 1979-இல் வெளியான அவருடைய பயிற்சி நூலில் 590 பயிற்சிகள் இருக்கின்றன. ஒரே கையின் இரண்டு கோல்களையும் தனித்தனியே இயக்குவதும், ஒரு கையால் மட்டும் உருட்டி, அதாவது அதன் இரண்டு கோல்களாலும் மாறி மாறி விரைவாக அடித்து, ஒலியை நீட்டுவதும் இந்தப் பிடியில் இயல்பாக வருகின்றன. பூட்டில் சாவியைத் திருப்புவதுபோல் முன்கை சுழலும். அடிக்காத கோல் அச்சாக நிற்கும், அடிக்கும் கோல் அதைச் சுற்றி இறங்கும். அழகான அசைவு. பின்னாளில் மரிம்பாவின் தனிவாசிப்புப் பாடல்களில் நீங்கள் ஆழமாக இறங்கினால், முறையாக ஒருவரிடம் அதையும் கற்றுக்கொள்ளலாம். இப்போது வேண்டாம்.

கொப்புளத்தைப் பற்றி. ஸ்டீவன்ஸ் பிடியில் வெளிக்கோல், அதாவது சுண்டுவிரல் பக்கத்துக் கோல், நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே நுழைகிறது. அதைப் பிடித்திருப்பவை மோதிரவிரலும் சுண்டுவிரலும்தான். நாள் முழுதும் வேலையில்லாமல் இருந்த சுண்டுவிரலை ஒரே நாளில் சுமை தூக்கச் சொன்னால் தோல் உரியத்தான் செய்யும். நீங்கள் அதை நெரித்துப் பிடித்திருப்பீர்கள் என்றும் நினைக்கிறேன். மிருதங்கம் வாசித்தவருக்குக் கை காய்த்துப்போவது புதிதல்ல. தோல் வலிக்கு அஞ்ச வேண்டாம். ஆனால் மணிக்கட்டிலோ முன்கையிலோ நரம்பு இழுப்பதுபோல் வலித்தால் அந்தக் கணமே கோல்களைக் கீழே வையுங்கள். அந்த வலியைப் பொறுத்துக்கொண்டு வாசித்து மாதக்கணக்கில் கருவியைத் தொட முடியாமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி பர்ட்டன் பிடி. உட்கோல் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே. வெளிக்கோல் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே. உள்ளங்கை தரையைப் பார்க்க வேண்டும். கோல்களை விரிக்கும் வேலை பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் உரியது. மோதிரவிரலும் சுண்டுவிரலும் கோல்கள் சந்திக்கும் இடத்தை உள்ளங்கையோடு அணைத்துக்கொள்கின்றன. அணைப்புதான், இறுக்கம் அல்ல.

முதல் இரண்டு வாரம் மரிம்பா வேண்டாம். மடியில் ஒரு தலையணையை வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடி, மரிம்பாவில் ச, க கட்டைகளுக்கு இடையே இருக்கும் அகலத்துக்குக் கோல்களை வையுங்கள். மெல்ல ச–ப வரை விரியுங்கள். கண் திறந்து பாருங்கள். பெரும்பாலும் வெளிக்கோலின் தலை தாழ்ந்து தொங்கியிருக்கும். சரிசெய்து, மூடி, மறுபடி விரியுங்கள். ஒரு கைக்கு ஐந்து நிமிடம். பிறகு இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் தலையணையில் படும்படி மணிக்கட்டை மட்டும் அசைத்து ஓர் அடி. எடுத்து, கை தளரும்வரை காத்திருந்து, அடுத்த அடி. தளர்வதற்கு விடும் அந்த இடைவெளியில்தான் கை கற்றுக்கொள்கிறது. பலரும் அதை விழுங்கிவிட்டு அடியை மட்டும் எண்ணுகிறார்கள்.

கருவிக்கு முன் நிற்கும்போது ஒன்று உங்களைக் குழப்பும். மரிம்பாவின் தாழ்ந்த சுரங்களுக்குக் கட்டைகள் அகலமானவை. மேலே போகப்போக ஒடுங்குகின்றன. ஆகவே கீழே வாசிக்கும் ச–ப வேறு அகலம், மேலே வாசிக்கும் ச–ப வேறு அகலம். கை ஓர் அளவை மனப்பாடம் செய்து பயனில்லை. நகர்ந்துகொண்டே அளவை மாற்றப் பழக வேண்டும். கையின் அளவைப் பற்றிய உங்கள் கவலையும் இங்கேதான் வருகிறது. தாழ்ந்த பகுதியில் பெரிய விரிப்புகள் உங்களுக்குக் கொஞ்சம் எட்டாமல் போகலாம். நடுப்பகுதியில் தொடங்குங்கள். எடை குறைந்த கோல்களை வாங்குங்கள். சிறிய கை ஒரு தடை என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். விரிவு விரல் நீளத்தால் மட்டும் வருவதில்லை, கோலின் நீளமும் கோணமும் சேர்ந்து தருவது அது.

பிடியை மாற்றாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. நான் பயின்ற இரண்டாம் ஆண்டில், மேடை நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் இருக்கையில், ஓர் ஆசிரியர் என் பிடியை மாற்றச் சொன்னார். மறுத்துப் பேசும் துணிவு எனக்கு இல்லை, மாற்றினேன். மேடையில் மெதுவான ஒரு பகுதியில், வலக்கையை விரிக்க வேண்டிய இடத்தில், விரல்கள் பழைய பிடியைத் தேடிப் போயின. கோல்கள் இரண்டும் முட்டிக்கொண்டன. ‘டக்’ என்று மரத்தில் மரம் படும் ஒலி. பாடல் நிற்கவில்லை, கேட்டவர்கள் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு ஓராண்டு காலம் நான் கோல்களை விரிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஒலியை எதிர்பார்த்தபடியே விரித்தேன். பிடி கைக்குள் போய் ஊறுவதற்கு முன் அதைக் கலைத்தால் கை நம்மை நம்புவதில்லை.

உங்கள் மிருதங்க ஆண்டுகள் வீண் போகவில்லை. லயம் உங்களிடம் இருக்கிறது, இரண்டு கைகளுக்கும் தனித்தனி வேலை கொடுக்கத் தெரியும். உங்களுக்குத் தந்திருக்கும் பாடலும் நல்ல தேர்வு. பீட்டர்ஸ் 1971-இல் தம் மாணவர்களுக்காக எழுதியது அது. நான்கு கோல்களுக்குப் புதிதாக வருபவர் வாசிக்கத் தக்க பாடல்கள் அப்போது அதிகம் இல்லை. ஒரு கையை மட்டும் எடுத்து, பாதி வேகத்தில், பக்கம் பக்கமாகப் போங்கள்.

என்ன கோல் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஸ்டீவன்ஸ் பிடிக்காக வாங்கியிருந்தால் அநேகமாகப் பர்ச் மரத்தண்டாக இருக்கும். அது வழவழப்பானது, வளையாது, குறுக்கே வைத்தால் வழுக்கும். குறுக்குப் பிடிக்குப் பிரம்புத் தண்டுதான் ஏற்றது. ஒன்றோடொன்று உரசிப் பிடித்து நிற்கும், அடிக்கும்போது சற்று வளைந்தும் கொடுக்கும். குழுவை நடத்துபவரிடம் பழைய பிரம்புக் கோல்கள் நான்கு இருந்தால் கேட்டு வாங்கி, நாளைக்கே தலையணையில் தொடங்குங்கள்.

அன்புடன்